உறையின் பின்புறத்து முகவரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"யார் சொல்லி வந்தாய்?"

மூன்றே சொற்கள். ஆனால் இந்த மூன்று சொற்களுக்கு விடை இல்லாதவன் வாசற்படியோடு திரும்பிவிட வேண்டியிருக்கிறது. விடை உள்ளவன் உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறான். கையில் என்ன கொண்டு வந்தான் என்பதை அதன் பிறகுதான் பார்க்கிறார்கள். சில இடங்களில் பார்ப்பதே இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு கடையைப் பற்றியும், தன் வீட்டு முகவரியையே ஊரறிய அச்சிட்டுவிட்ட ஒரு மனிதரைப் பற்றியும் நம் கல்லூரி மலரில் எழுத விரும்புகிறேன். கடை லண்டனில் இருந்தது. மனிதரின் பெயர் டேனியல் மில்லர். ஆண்டு 1978. செய்தி பாட்டைப் பற்றியது. ஆனால் பாட்டோடு முடிந்துவிடுவதன்று. முகம் தெரியாதவன் அனுப்பும் பொதியைப் பிரித்துப் பார்ப்பது தயவா, கடமையா என்பதே நான் இங்கே எழுப்ப விரும்பும் வினா. கடமைதான் என்பது என் கருத்து. அதற்கு என்னிடம் உள்ள சான்று, ‘எலெக்ட்ரோ பாப்’ எனப்படும் மின்னிசைப் பாட்டின் தொடக்க வரலாறு.

மின்சாரம் பாடிய கதை

சென்ற ஆண்டு ஆய்வகக் குறிப்பேட்டிற்காக ரம்பப்பல் அலையைப் பற்றிக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தேடல் என்னை ஓர் ஆங்கிலப் பாட்டிடம் கொண்டுபோய் விட்டது. ‘தி நார்மல்’ என்ற பெயரில் டேனியல் மில்லர் தனியொருவராகப் பதிவு செய்த ‘வார்ம் லெதரெட்’ என்ற பாட்டு அது. கிட்டார் இல்லை, முரசு இல்லை, குரலிலும் ராகம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஓர் இயந்திரம் தட்டுகிறது, இன்னோர் இயந்திரம் சீறுகிறது, நடுவில் ஒருவர் உணர்ச்சியே காட்டாமல் பேசுவதுபோலப் பாடுகிறார். விடுதி அறை நண்பர்கள், "இது பாட்டா, மிக்ஸி ஓடுகிற சத்தமா?" என்று சிரித்தார்கள். எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. விசைத்தறி இரவு முழுதும் ஓடும் வீட்டில் பிறந்தவன் நான். இயந்திரத்துக்கும் தாளம் உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்பது இயற்பியல் மாணவருக்கு எளிதில் விளங்கும். சிந்தசைசர் என்ற கருவியின் உயிர் ஓர் அலையியற்றி. நம் ஆய்வகத்தில் சி.ஆர்.ஓ. திரையில் அலைவடிவம் காட்டுகிறோமே, அதே வகைதான். மின்னழுத்தத்தை ஏற்றினால் அதிர்வெண் ஏறும், சுரம் உயரும். சதுர அலையில் ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டும் இருப்பதால் ஒலி உள்ளீடற்ற குழல்போலக் கேட்கும். ரம்பப்பல் அலையில் எல்லாச் சீரிசைகளும் இருப்பதால் ஒலி கூர்மையாக இருக்கும். வடிகட்டி கொண்டு மேலே உள்ள சீரிசைகளைக் குறைத்தால் கூர்மை மழுங்கும். ஒழுங்கற்ற இரைச்சலைச் சிறு துண்டுகளாக வெட்டினால் முரசு கிடைக்கும். அவ்வளவுதான் அடிப்படை. நாம் பதிவேட்டில் வரைந்துவிட்டு மறந்துபோகும் அலைவடிவங்களைக் கொண்டு ஒருவர் பாட்டே செய்துவிட்டார்!

1970களின் தொடக்கத்தில் இத்தகைய கருவிகள் செல்வர்களுக்கே உரியவை. சுவரை அடைத்து நிற்கும் பெரிய சிந்தசைசர்களைப் புகழ்பெற்ற குழுக்களே வாங்க முடிந்தது. அதன் பிறகு ஜப்பானிய நிறுவனங்களான கோர்க்கும் ரோலண்டும் சிறிய, விலை குறைந்த கருவிகளைக் கொண்டுவந்தன. திரைப்படத் தொகுப்பாளராகப் பணி செய்த மில்லர், பழைய ‘கோர்க் 700எஸ்’ ஒன்றையும், நான்கு தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் வாங்கினார். அந்தக் கோர்க் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும். ஆகவே ஒரு தடத்தில் தாளம், அடுத்த தடத்தில் சுரம், பிறகு குரல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமே அடுக்கினார். பதிவு நடந்த இடம் வீடு. உடன் எவரும் இல்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனமும் இல்லை.

கேள்வி கேட்காத கடை

வீட்டில் பாடிவிடலாம். வெளியே கொண்டுபோவது எப்படி? அந்நாளில் இங்கிலாந்தின் இசைத்தட்டு வாணிகம் சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. அவர்களுடைய அலுவலகத்தில் தெரிந்தவர் இல்லாதவனுக்குப் பாட்டு இருந்தும் பயனில்லை என்ற நிலை.

மில்லர் தம் பாட்டின் சோதனைத் தட்டை எடுத்துக்கொண்டு ‘ரஃப் டிரேடு’ என்ற கடைக்குப் போனார். ஜெஃப் டிராவிஸ் என்பவர் 1976இல் மேற்கு லண்டனில் தொடங்கிய இசைத்தட்டுக் கடை அது. கடைக்காரர்கள் தட்டை வாங்கி அங்கேயே ஓடவிட்டுக் கேட்டார்கள். மில்லர் 500 பிரதிகள் போடலாம் என்று எண்ணியிருந்தார். கேட்டு முடித்தவர்களோ 2,000 போடலாம், விற்பனைக்கு நாங்கள் உதவுகிறோம் என்றார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பாராட்டை அன்று, வரிசையை. முதலில் கேட்டார்கள், பிறகு பேசினார்கள். நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் பேச்சு: எந்த ஊர், யார் மகன், யாரைத் தெரியும். பிறகு நேரமிருந்தால் கேட்பது. வரிசையை மாற்றிப் போட்டால் விளைவும் மாறிவிடுகிறது. அந்தக் கடை வரிசையை நேராக வைத்தது.

அந்த இசைத்தட்டு என்னவாயிற்று? 1980இல், ஜமைக்காவில் பிறந்த புகழ்பெற்ற பாடகி கிரேஸ் ஜோன்ஸ் ‘வார்ம் லெதரெட்’டைத் தாமும் பாடி, தம் முழு இசைத்தட்டுக்கே அப்பெயரைச் சூட்டினார். பழைய கருவி ஒன்றில் வீட்டுக்குள் பிறந்த பாட்டுக்கு இரண்டே ஆண்டுகளில் கிடைத்த இடம் அது.

முகவரி செய்த வேலை

இனிதான் என் கட்டுரையின் மையம். மில்லர் தம் இசைத்தட்டின் உறையில் ‘மியூட்’ என்று ஒரு நிறுவனப் பெயரைப் போட்டார். ஒலி சேர்க்காத படச்சுருளைத் தொகுப்பாளர்கள் குறிக்கும் சொல் அது. நிறுவனம் என்று சொன்னேனே தவிர, அதில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. இன்னோர் இசைத்தட்டு போடும் திட்டமும் இல்லை. ஆனால் உறையின் பின்புறத்தில் ஒரு வரி அச்சிட்டார். அது அவருடைய வீட்டு முகவரி.

அந்த ஒரு வரி செய்த வேலையைப் பாருங்கள். வாங்கியவர்கள் ‘மியூட்’ என்பதை உண்மையான நிறுவனம் என்று கருதிக்கொண்டு, தாங்கள் பதிவு செய்த ஒலிநாடாக்களை அந்த முகவரிக்கு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார்கள். தம்மைப்போலவே தனியறையில் கருவிகளோடு போராடிக்கொண்டிருப்பவர்கள் பலர் உண்டு என்பது அந்தப் பொதிகளால்தான் மில்லருக்குத் தெரிந்தது. அவர் ஓர் இசைத்தட்டை வெளியே அனுப்பினார். அது ஓர் அஞ்சல் பெட்டியாக மாறித் திரும்பி வந்தது. வந்த பொதிகளுக்கு உரிய மதிப்புத் தர வேண்டுமானால் நிறுவனமாக மாறித்தான் ஆக வேண்டும். அவர் மாறினார்.

நண்பர் ஒருவர் வழியாக ஃபிராங்க் டோவி என்ற இளைஞரின் பதிவு மில்லரிடம் வந்து சேர்ந்தது. ‘ஃபேட் கேட்ஜெட்’ என்ற பெயரில் 1979இல் அது மியூட்டின் இரண்டாம் வெளியீடாயிற்று. சுவரில் துளை போடும் டிரில்லிங் மெஷினையே அடுத்த ஆண்டுப் பாட்டொன்றில் இசைக்கருவியாக்கியவர் இந்த டோவி. அத்தகையவருக்கு எந்தப் பெரிய அலுவலகத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள்?

உறையை இப்படிப் பயன்படுத்தியவர் மில்லர் ஒருவர் மட்டுமல்லர். அதே 1978இல் ‘ஸ்கிரிட்டி பொலிட்டி’ என்ற குழு தன் முதல் இசைத்தட்டின் உறையில், ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, தட்டு அச்சிட எவ்வளவு, சீட்டு ஒட்ட எவ்வளவு என்று செலவுக் கணக்கையே அச்சிட்டது. மின்னிசைக் குழு அன்று அது. ஆனால் மனப்பான்மை ஒன்றே. தாங்கள் ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாமல், படிகளை எண்ணிக் காட்டிவிட்டுப் போனார்கள். வாணிகத் துறையில் கணக்கை மறைப்பது வழக்கம். இவர்கள் கணக்கை வெளியிட்டு, "உன்னாலும் முடியும்" என்றார்கள்.

விளம்பரம் என்ற சொல்லை நாம் மிகவும் மலிவாக்கிவிட்டோம். ‘என்னைப் பார்’ என்று கூவுவதே விளம்பரம் என்று எண்ணுகிறோம். வீட்டு முகவரியை அச்சிட்ட உறை ‘என்னைப் பார்’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘உன்னைக் காட்டு’ என்றும் சொன்னது. நான் அறிந்த விளம்பரங்களில் இதைவிடச் சிறந்ததொன்று இல்லை.

தந்திரமும் தகுதியும்

"புதுமையாக ஏதாவது செய்து கவனத்தை இழுத்தார்கள், அவ்வளவுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மில்லர் தந்திரமும் செய்திருக்கிறார். ‘சிலிக்கன் டீன்ஸ்’ என்று ஓர் இளைஞர் குழுவை அவர் அறிமுகப்படுத்தினார். நான்கு பேர், நால்வருக்கும் பெயர்கள். 1980இல் பழைய ராக் பாடல்களை மின்னிசையாக மாற்றிய முழு இசைத்தட்டும் வந்தது. பத்திரிகைக்காரர்களிடம் பேசியவர்கள் நடிகர்கள். உண்மையில் அப்படி ஒரு குழுவே இல்லை. இசை எல்லாம் மில்லர் கைவண்ணம்.

வேடிக்கைதான். ஆனால் இந்த வேடிக்கைக்குள் ஓர் ஏக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. கிட்டாருக்குப் பதிலாகச் சிந்தசைசரை முதல் கருவியாக எடுக்கும் இளைஞர்கள் இனி வருவார்கள் என்று அவர் நம்பினார். வருவதற்கு முன்பே அவர்களுக்குப் பெயர் வைத்துப் பார்த்தார். தந்திரம் உறையைப் பிரிக்க வைக்கும். அதற்குமேல் அதற்கு வலிமை இல்லை. பிரித்த பிறகு மூன்று நிமிடம் நம்மைப் பிடித்து வைப்பது உள்ளே இருப்பதுதான். அலங்காரமான உறையில் வெற்றுத்தாள் வைத்து அனுப்பியவனை உலகம் ஒரு முறைதான் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை திறந்த கதவு

மில்லர் கற்பனையில் கண்ட இளைஞர்கள் அந்த ஆண்டே மெய்யாகவே வந்து நின்றார்கள். லண்டனுக்குக் கிழக்கே பேசில்டன் என்ற ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், கிழக்கு லண்டன் குடும்பங்கள் பலவற்றைக் குடியேற்ற உருவாக்கப்பட்ட புதுநகரம். அங்கே நான்கு இளைஞர்கள்: வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃபிளெட்சர், டேவ் கஹான். கோர் வங்கியில் வேலை பார்த்தார். ஃபிளெட்சர் காப்பீட்டு அலுவலகத்தில். குழுவின் பெயர் ‘டிபெஷ் மோட்’.

1980இல் கிளார்க்கும் கஹானும் தங்கள் மாதிரி ஒலிநாடாவை லண்டன் நிறுவனங்களுக்கு நேரிலேயே எடுத்துச் சென்றார்கள். எங்கும் இடம் கிடைக்கவில்லை. நான் மேலே புகழ்ந்த அதே ரஃப் டிரேடு கடையும், ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்றுதான் சொன்னது. ஆனால் கேட்டுவிட்டுச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், அங்கே இருந்த மில்லரிடம் அவர்களைச் சுட்டிக்காட்டியது. மில்லர் என்ன செய்தார்? அன்று வேறொரு வேலையில் நேர்ந்த தொல்லையால் எரிச்சலில் இருந்தவர், அக்கறை காட்டாமல் போய்விட்டார்!

ஆம், தன் வீட்டு முகவரியையே அச்சிட்டுக் கொடுத்த அதே மனிதர்தான். இந்த இடத்தில் நான் சற்றே நின்று யோசித்தேன். நல்லவரின் கதவும் சில நாள் சாத்தியிருக்கும். அதனால் அவர் கெட்டவராகிவிடுவதில்லை. தட்டியவன் தகுதியற்றவனாகிவிடுவதும் இல்லை. கேள்வி ஒன்றுதான்: இன்னொரு நாள் கதவு திறக்குமா?

திறந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், கிழக்கு லண்டனில் கேனிங் டவுன் பகுதியின் ‘பிரிட்ஜ் ஹவுஸ்’ என்ற இடத்தில் ஃபேட் கேட்ஜெட்டின் நிகழ்ச்சி. அதற்கு முன்னதாக டிபெஷ் மோட் பாடியது. மில்லர் இருந்து கேட்டார். இம்முறை போய்விடவில்லை, நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களைத் தேடிச் சென்றார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, கைகுலுக்கல்தான். வரவில் பாதிக்குப் பாதி. அந்தக் கைகுலுக்கல் பல ஆண்டுகள் தாங்கியது.

1981 பிப்ரவரியில் வந்த முதல் பாட்டு விற்பனைப் பட்டியலில் 57ஆம் இடம். இரண்டாம் பாட்டு 11. மூன்றாம் பாட்டு 8. பெரும்பணம் செலவழித்து வாங்கிய இடங்கள் அல்ல அவை. 1988 ஜூன் 18 அன்று அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் விளையாட்டரங்கில் அவர்களைக் கேட்க 60,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கிளார்க் 1981லேயே குழுவை விட்டுப் பிரிந்தார். பாட வாய்ப்புத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த அலிசன் மோயே என்ற பெண்ணைத் தேடிப் பிடித்தார். அவரும் பேசில்டன் பகுதியைச் சேர்ந்தவரே! இருவரும் ‘யாசூ’ என்ற பெயரில் 1982இல் வெளியிட்ட ‘ஒன்லி யூ’ பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஒரு சிறு விளம்பரம், அதைப் படித்துப் பதில் கொடுத்த ஒருவர். இங்கும் அதே கதைதான்.

கதவில் விட்டுவந்த சீட்டு

வடக்கே ஷெஃபீல்டு, எஃகு ஆலைகளின் நகரம். அங்கே மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் என்ற கணிப்பொறி இயக்குநர்கள் இருவர் மின்னிசையில் இறங்கினார்கள். பாட ஆள் வேண்டும். வேரின் பள்ளித் தோழர் பிலிப் ஓக்கி, மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் பணியாளர். பாடிய அனுபவம் இல்லாதவர். வேர் தேடிப் போனபோது ஓக்கி வீட்டில் இல்லை. குழுவில் சேர அழைத்து ஒரு சீட்டு எழுதிக் கதவில் வைத்துவிட்டு வந்தார். இப்படித்தான் ‘ஹியூமன் லீக்’ பிறந்தது.

‘பீயிங் பாய்ல்டு’ என்ற அவர்களுடைய முதல் பாட்டு, சாதாரண வீட்டு ஒலிப்பதிவுக் கருவியில் பதிவானது. செலவு ஏறத்தாழ 2.50 பவுண்டு என்பார்கள். நண்பர் வழியே அந்த ஒலிநாடா ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ‘ஃபாஸ்ட் புராடக்ட்’ என்ற சிறு நிறுவனம் நடத்திய பாப் லாஸ்டின் கைக்குப் போனது. 1978 ஜூனில் இசைத்தட்டாக வந்தது. உடனே பட்டியலில் ஏறவில்லை. 1981 டிசம்பரில் அதே குழுவின் ‘டோன்ட் யூ வான்ட் மீ’ முதலிடம் பெற்றது. அதன்பின் 1982 ஜனவரியில் பழைய ‘பீயிங் பாய்ல்டு’ 6ஆம் இடத்துக்கு ஏறியது. பாட்டு மாறவில்லை, காது மாறியது. அன்று அந்த ஒலிநாடாவை லாஸ்ட் கேட்காமல் மேசை அறையில் போட்டிருந்தால்?

அனுப்புகிறவன் கதையை எல்லாரும் சொல்வார்கள். பிரிக்கிறவன் கதையை யாரும் சொல்வதில்லை. ஆகவே இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஜான் பீல் 1967 முதல் 2004இல் மறையும் வரை பி.பி.சி. வானொலியில் பாடல் நிகழ்ச்சி நடத்தியவர். பெயர் தெரியாத குழுக்கள் அனுப்பிய தட்டுகளையும் நாடாக்களையும் தாமே கேட்டு, பிடித்ததை ஒலிபரப்பினார். வட அயர்லாந்தின் ‘அண்டர்டோன்ஸ்’ என்ற குழுவின் பாட்டு ஒன்று 1978இல் மிகவும் பிடித்துப் போனதால், அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். ஹியூமன் லீக்கும் அதே ஆண்டில் அவர் நிகழ்ச்சிக்காக வாசித்தது. பொது வானொலியில் சம்பளம் வாங்கிய ஒருவர், அனுப்பியவன் யார் என்று பாராமல் பொதியைப் பிரித்தார். பதவி என்பது அதற்காகத்தானே?

எனக்கென்ன அக்கறை?

லண்டன் பாட்டைப் பற்றி இவ்வளவு பேச இவனுக்கு என்ன வந்தது என்று தோன்றலாம். சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அப்பா தறிக்கணக்கைத் தவறில்லாமல் எழுதுவார். விண்ணப்பப் படிவத்தைக் கண்டால் என்னிடம் நீட்டிவிடுவார். ‘உங்களை நன்கு அறிந்த இரு பிரமுகர்களின் பெயர்’ என்று ஒரு கட்டம் சில படிவங்களில் வருகிறது. எங்களை நன்கு அறிந்தவர்கள் பலர். மளிகைக் கடைக்காரர் அறிவார். பாவு ஓட்டுகிறவர் அறிவார். ஆனால் அந்தக் கட்டம் கேட்பது அவர்களை அன்று.

சென்ற கோடை விடுமுறையில் ஆய்வகப் பயிற்சி வேண்டி பதினோரு இடங்களுக்கு எழுதினேன். ஒன்பது இடங்களிலிருந்து பதில் இல்லை. ஓரிடத்திலிருந்து, ‘இடமில்லை’ என்று இரண்டு வரி வந்தது. இன்னோரிடத்திலிருந்து ஒரு பேராசிரியர், என் கடிதத்தில் நான் குறிப்பிட்டிருந்த சோதனையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டு எழுதி, இந்த ஆண்டு முடியாது, மூன்றாம் ஆண்டில் மீண்டும் எழுது என்றார். எனக்குப் பயிற்சி கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உன் காகிதத்தைப் படிச்சிருக்காருடா!" என்றார் அம்மா. இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. மறுப்பு வலிப்பதில்லை, படிக்காமல் மறுப்பதுதான் வலிக்கிறது.

சில மறுமொழிகள்

"இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாமே! எதற்கு உறையும் முகவரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், ஏற்றலாம். கடலில் ஒரு கடிதத்தைப் போடுவதும் எளிதுதான். முகவரி என்பது இடத்தின் பெயர் மட்டுமன்று. அந்த இடத்தில் ஒருவர் இருக்கிறார், வந்ததை அவர் எடுத்துப் பார்ப்பார் என்ற வாக்குறுதி. கருவி மலிந்தது, வழி பெருகியது, எடுத்துப் பார்க்கும் கண் மட்டும் பெருகவில்லை. எனவே அன்றைவிட இன்றுதான் முகவரி அதிகம் தேவைப்படுகிறது.

"வருவதெல்லாம் மாணிக்கமா?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. மில்லருக்கு வந்த நாடாக்களிலும் மிகச் சிலவே இசைத்தட்டாயின. பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சலுகைக்கும் செவிக்கும் வேறுபாடு உண்டு. முதல் தலைமுறை மாணவன் கேட்பது செவியை.

"ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே?" என்பது மூன்றாவது கேள்வி. ஒரு பாட்டு மூன்று நிமிடம். ஒரு பக்கக் கடிதத்துக்கும் அவ்வளவே ஆகும். ‘யார் சொல்லி வந்தாய்?’ என்று விசாரிப்பதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகிறது!

நாம் செய்யக்கூடியது

நம் கல்லூரியில் ஒவ்வோராண்டும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வெளியேறுகிறார்கள். சிலர் மேற்படிப்புக்குப் போகிறார்கள். சிலர் தேர்வெழுதி வேலைக்குப் போகிறார்கள். எப்படிப் போனார்கள் என்பது அவர்களோடு போய்விடுகிறது. அடுத்து வருகிறவன் மறுபடி இருட்டில் தடவுகிறான். தன் வீட்டில் கேட்க ஆள் உள்ளவன் தடவ வேண்டியதில்லை; நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஆள் இல்லை.

ஆகவே, துறைத் தலைவர்களும் மாணவர் மன்றமும் எண்ணிப் பார்க்க ஒரு கருத்தை வைக்கிறேன். ஒவ்வொரு துறையிலும் ஒரு பதிவேடு வைப்போம். வெளியேறும் ஒவ்வொருவரும் அதில் ஒரு பக்கம் எழுதட்டும். எந்தத் தேர்வு, எந்தப் படிவம், எப்போது விண்ணப்பித்தார், பேருந்துக் கட்டணம் உட்பட எவ்வளவு செலவாயிற்று, எத்தனை இடத்தில் மறுத்தார்கள், எந்த இடத்தில் திறந்தார்கள் என்று மறைக்காமல் எழுதட்டும். ஸ்கிரிட்டி பொலிட்டி தன் உறையில் கணக்கு எழுதியதே, அதுபோல. கடைசி வரியில், கேள்வி கேட்டு எழுத விரும்பும் இளையவர்களுக்காகத் தன் முகவரியை எழுதட்டும். மில்லர் தம் உறையில் எழுதினாரே, அதுபோல.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், எந்த மாணவரும் தாம் செய்த எதையும் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவியுங்கள். ஒரு சோதனையாக இருக்கலாம், ஒரு கவிதையாக இருக்கலாம், பழைய ரேடியோவைப் பிரித்துக் கட்டிய அலையியற்றியாகவும் இருக்கலாம். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அது போதும்.

தோழர்களே! நாம் எல்லோரும் பொதி அனுப்புகிறவர்களாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறோம். என்றோ ஒரு நாள் நம் மேசைக்கும் பொதி வரும். அப்போது நம் கை எங்கே போகும்? பொதியைப் பிரிக்கவா, ‘யார் சொல்லி வந்தாய்?’ என்று எழுதித் திருப்பவா? அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டே, இந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை நிரப்ப நம் மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் முன்வர வேண்டும். அடுத்த ஆண்டு என் முறை வரும்போது, பதினோரு கடிதங்களின் கணக்கையும் தேதியோடு நான் எழுதித் தருகிறேன்.